பயனெட்டுக்குத் தண்ணீர் ஊற்றியவர்

“அம்மா, என் வீட்டுக்காரிக்குத் தாகம் அடங்க மாட்டேங்கு. எதனாலன்னு சொல்லணும்.”

இப்படிக் கேட்டபடிதான் கோமதிநாயகம் முதல் நாள் பேச்சியம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

பேச்சியம்மை தேரிக்காட்டில், செம்மணல் மேடுகளுக்கு நடுவே, ஒரு சுனையோரம் குடிசை போட்டிருந்தவள். நாற்பது வயதுதான் இருக்கும். பேர்தான் பேச்சி. அவள் வாயைத் திறக்க வைப்பதற்குள் வந்தவனுக்கு வாய் வலித்துவிடும். ஆனாலும் சொன்னால் சொன்னதுதான் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர் இருந்தது.

கோமதிநாயகத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. துறைமுகத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் வீடு கட்டி உட்கார்ந்தவர். சாமியார், குறி, மந்திரித்த கயிறு எதுவும் அவருக்கு ஆகாது. டாக்டர்கள் கையை விரித்த பிறகு, ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டுத்தான் வாருங்களேன் என்று மனைவி ஆவுடை கெஞ்சியதால் வந்திருந்தார்.

“சர்க்கரை இல்ல. கிட்னி நல்லா இருக்கு. எல்லாம் பாத்தாச்சு. குடம் குடமாக் குடிக்கா. குடிச்சிட்டு, இன்னும் தாகமா இருக்குங்கா. ஆளு உருகிப் போயிட்டாம்மா. கையத் தூக்குனா வளையல் முழங்கை வரைக்கும் ஓடுது.”

மனைவி மேல் பிரியம் இல்லாதவர் என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது.

“எப்பத்துலேருந்து?”

“சித்திரையிலேருந்து.”

பேச்சியம்மை கண்ணை மூடித் திறந்தாள்.

“சொல்லுதேன்” என்றாள்.

ஆனால் கோமதிநாயகத்தின் கண் அவள் தோளைத் தாண்டிப் போயிருந்தது.

குடிசைக்குப் பின்னால் செம்மணலில் ஓர் இரும்பு நின்றது. மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரம். மேல்முனை குழலாக, பக்கத்தில் ஒரு வளைவோடு. வேறு யாராவது பார்த்திருந்தால் பழைய பம்பு செட்டுத் துண்டு என்று நினைத்திருப்பார்கள்.

“அம்மா, அது என்னது?”

“எது?”

“அந்த இரும்பு.”

“நிக்குது” என்றாள் பேச்சியம்மை.

&nbsp;

மனிதனுக்கு மனிதன் ஒரு கிறுக்கு. சிலருக்குச் சீட்டு, சிலருக்குச் சேவல். கோமதிநாயகத்தின் கிறுக்கு பயனெட்.

வெள்ளைக்காரப் பட்டாளத்துச் சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் மாட்டிக் குத்திய கத்தி அது. துப்பாக்கிச் சனியன் என்பார்கள் பழைய ஆட்கள். சும்மா கத்தியாக இருந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குழலில் முத்திரை வெட்டியிருக்க வேண்டும். எந்தப் பட்டாளம், எந்தக் கம்பெனி, எத்தனையாவது எண் என்று தெரிய வேண்டும். அதிலும் ஒரே பட்டாளம், ஒரே கம்பெனி. அந்த ஒரு வரிசையைத்தான் பாதி ஆயுசாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். கொச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. பாழடைந்த ஜமீன் வீட்டு உத்தரத்தில் ஒன்று. லண்டனிலிருந்து தபாலில் ஒன்று.

போன தை மாதம் கூடத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி செய்து, கோணிக்குள் சுற்றிக் கிடந்த அத்தனையையும் எடுத்து வரிசையாக மாட்டினார். முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. பல் விழுந்த வாய் மாதிரி அது தினமும் அவரைப் பார்த்து இளித்தது.

கோமதிநாயகம் எழுந்து போனார். மணலில் முட்டி போட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குழலைப் பார்த்தார்.

அதே பட்டாளம். அதே கம்பெனி. முப்பத்தொன்று.

அந்த நிமிஷத்தில் ஆவுடை அவர் நினைப்பிலிருந்து இறங்கிப் போனாள். சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

திரும்பி வந்து பேச்சியம்மையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அம்மா, என்னைச் சிஷ்யனாச் சேத்துக்கிடுவியளா?”

“தாகத்தப் பத்திக் கேட்டியளே.”

“அதை டாக்டர் பாத்துக்கிடுவாரு. எனக்கு ஞானம் வேணும்.”

ஞானமாம்! படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அந்த ரகம்.

பேச்சியம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சரி” என்றாள்.

&nbsp;

ஒரு மண்குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“தெனமும் உச்சி சாஞ்சதும் சுனையில ஒரு குடம் மோந்து, அந்த இரும்படியில ஊத்துங்க.”

“தண்ணியா?”

“தண்ணிதான்.”

“இரும்புலயா?”

பழைய இரும்பில் ஈரக்கை படக்கூடாது. கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். எண்ணெய் நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அவர் வீட்டு அலமாரிப் பக்கம் ஆவுடை தண்ணீர்ச் செம்போடு போனாலே சத்தம் போடுவார்.

“துரு ஏறிரும்மா. முத்திரை அழிஞ்சு போகும்.”

“இத்தனை காலமா ஏறலையே.”

அது என்னவோ நிஜம். உப்புக்காற்று வீசுகிற தேரியில், தினமும் தண்ணீர் குடித்துக்கொண்டு, அந்த இரும்பு நேற்று வடித்தது போல நின்றது. வெட்டிய எழுத்தின் விளிம்புகூட மழுங்கவில்லை.

“எதுக்கும்மா ஊத்தணும்?”

“குத்துப்பட்டவனுக்குத் தாகம் எடுக்கும்.”

அந்தப் பக்கத்தில் இது ஒரு முறைமை. வெட்டோ குத்தோ பட்டு விழுந்தவன் கடைசியாகக் கேட்பது தண்ணீர்தான். கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டால், அவன் விழுந்த மண்ணில் ஊற்ற வேண்டும். சொந்தக்காரன் இருந்தால் சொந்தக்காரன், இல்லாவிட்டால் வழியில் போகிறவன். பேச்சியம்மைக்கு முன்னால் ஒரு பரதேசி ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் வேறு யாரோ.

“அப்ப இது ஒருத்தன் மேலயா நிக்குது?”

“மேல இல்ல” என்றாள் பேச்சியம்மை. “உள்ள.”

கோமதிநாயகம் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“சும்மா கேக்கேன். இத உருவி எடுத்தா வருமா?”

“அவன் விட்டா வரும்.”

&nbsp;

அவள் விறகு பொறுக்கப் போன நேரம் பார்த்து, அன்றைக்கே இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

தேரி மணல் எப்படிப்பட்டதென்று அவருக்குத் தெரியும். விரலால் குத்தினால் மணிக்கட்டு வரை இறங்கும். ஊன்றின கம்பை ஒரே காற்று சாய்த்துவிடும். ஆடிக் காற்றில் மேடே இடம் மாறிப்போய், பக்கத்தில் நின்ற பனை கழுத்து வரை புதைந்து கிடந்தது. இந்த இரும்பு மட்டும் மண் ஏறினாலும் இறங்கினாலும் அதே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

உச்சி சாய்ந்தது. குடத்தை மோந்து வந்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஊற்றினார்.

மணல் தண்ணீரை உறிஞ்சினால் நுரைத்துக்கொண்டு இஸ்ஸென்று இறங்கும். இது அப்படி இறங்கவில்லை.

மடக். மடக்.

நடுவில் ஒரு மூச்சு.

பிறகு மறுபடி, மடக்.

கோமதிநாயகம் குடத்தைக் கீழே வைத்தார். உள்ளே காற்றுப் பொந்து இருக்கும், தண்ணீர் இறங்க இறங்கக் காற்று குமிழி விடுகிறது என்று சொல்லிக்கொண்டார். என்ஜினீயருக்குக் காரணமா கிடைக்காது.

&nbsp;

காலைப் பஸ்ஸில் வருவார். சாயங்காலப் பஸ்ஸில் திரும்புவார். இடைப்பட்ட நேரத்தில் சிஷ்யனாக நடிக்க வேண்டியிருந்தது.

“ஞானம்னா என்னதும்மா?”

“குடம் எங்க?”

இன்னொரு நாள்.

“மனச எப்படிம்மா அடக்கது?”

“சுனை இன்னைக்குக் கலங்கிக் கெடக்கு. பாத்து மோங்க.”

இதெல்லாம் ஒரு உபதேசமா என்று அவருக்குள் எரிச்சல். ஆனால் முப்பத்தொன்றுக்காக எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்.

ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

“அதுல என்னமோ எழுதியிருக்கே. என்னய்யா அது?”

மகள் வாங்கிய மார்க்கைக் கேட்ட தகப்பன் மாதிரி அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

“இது பட்டாளம். இது கம்பெனி. இது முப்பத்தொண்ணு. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு எண்ணு உண்டு. ஆயுதம் தொலைஞ்சா எவன் தொலைச்சான்னு தெரியணும்லா? எங்க வீட்டுச் சொவரு நெறைய இதே கம்பெனிதான் தொங்குது. இது ஒண்ணுதாம்மா கொறை. கத்தியப் பாத்தியன்னா மூணு பட்டையா இருக்கும். அந்தக் காயம் லேசுல மூடாது. அப்படி ஒரு வேலைப்பாடு!”

“அப்ப இது பிடிச்சவன் எண்ணு.”

“ஆமாம்மா.”

“குத்து வாங்கினவன் எண்ணு எங்க?”

கோமதிநாயகம் குழலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்படி ஒன்றை அவர் எந்தப் பயனெட்டிலும் தேடியதே இல்லை.

“அதெல்லாம் வெட்ட மாட்டாங்கம்மா” என்றார்.

அவள் சுனைப் பக்கம் போய்விட்டாள்.

&nbsp;

ஈர இரும்பைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு நெஞ்சு பதறியது. ஊற்றி முடித்ததும் கைக்குட்டையால் துடைத்தார். பையில் ஒளித்துக் கொண்டுவந்த எண்ணெயைத் தடவினார். அப்படியும் மனசு ஆறவில்லை. என்றைக்கோ ஒருநாள் தன் வீட்டுக்கு வரப்போகிற சாமான். தன் கையாலேயே அதைப் பாழாக்குவதா?

பேச்சியம்மை எப்போதும் சுனையைப் பார்த்தே உட்கார்ந்திருப்பாள். இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஒரு மத்தியானம் குடத்தை மோந்துகொண்டு போனவர், இரும்பைச் சுற்றிக்கொண்டு போய், பின்னாலிருந்த தாழம்புதரில் கவிழ்த்துவிட்டார்.

மறுநாளும் அப்படியே செய்தார். அதற்கு மறுநாளும்.

தாழம்புதர் தழைத்தது. இரும்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவர் நிம்மதியாகக் குனிந்து பார்த்தபோது, முப்பத்தொன்றின் மூன்றுக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு துருப்பொட்டு இருந்தது.

தண்ணீரில் நின்ற காலமெல்லாம் ஏறாத துரு, காய்ந்ததும் ஏறியிருந்தது. அவர் எண்ணெயைத் தேய்த்தார். பொட்டு மிளகிலிருந்து புளியங்கொட்டை ஆயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஆவுடை கூடத்தில் கண்ணாடி அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வரவர அவளுக்கு அதுதான் இடம். பக்கத்தில் காலிக் குடங்கள் உருண்டு கிடந்தன. கையில் செம்பு.

“இந்த நாலஞ்சு நாளா ரொம்ப எடுக்குங்க” என்றாள். குரல் ஓலை உரசுகிற மாதிரி இருந்தது. “குடிக்கேன், ஆனா என் வயித்துல நிக்க மாதிரியே இல்ல. அந்தம்மாட்ட கேட்டியளா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாக?”

“சொல்லுதேன்னு சொல்லியிருக்காக.”

அந்தப் பாதி உண்மை அவருக்கே கசந்தது. நாளைக்குக் கண்டிப்பாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்தபடியே நிமிர்ந்தவர், முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவிலிருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

&nbsp;

மறுநாள் அது ஆடியது.

வழக்கம் போலக் குடத்தைப் புதரில் கவிழ்த்துவிட்டு, துருவைத் துடைக்கலாமென்று குழலைப் பிடித்தார். பால்பல் ஆடுகிற மாதிரி ஆடியது.

கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தார். பேச்சியம்மை முதுகைக் காட்டிக்கொண்டு சுனையோரம் இருந்தாள். தேரியில் காற்று நின்றிருந்தது. பனையோலைகூட அசையவில்லை.

இழுத்தார். வந்துவிட்டது.

முதல் நாள் அவ்வளவு இழுத்தும் வராதது, நெய்யிலிருந்து கரண்டியை எடுப்பது போலச் சத்தமில்லாமல் வந்தது. கத்தி முழுநீளமும் ஒழுங்காக இருந்தது. நுனிகூட உடையவில்லை. அவருக்குச் சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்தது.

துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தவர் ஒரு தரம் குனிந்து பார்த்தார். பார்க்காமல் போயிருக்கலாம்.

காய்ந்த மணலில் துளை போட்டால் அடுத்த நொடியே சரிந்து மூடிவிடும். அந்தத் துளை மூடவில்லை. மூன்று பட்டையாக, உதடு பிளந்த மாதிரி திறந்தே கிடந்தது. விளிம்பிலிருந்து ஒரு மணல்கூட உள்ளே விழவில்லை.

அவர் வேகமாக நடந்தார். சுனையிலிருந்து தார்ரோட்டுக்கு ஒரே ஒற்றையடிப் பாதை. பின்னால் யாரோ வருகிற மாதிரி இருந்தது. திரும்பினால் செம்மணல்தான்.

பஸ் நிற்கிற வாகைமரத்தடியில் பேச்சியம்மை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மண்குடம்.

பாதையில் அவள் அவரைத் தாண்டிப் போகவில்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“பஸ்ஸு வர நேரம் இருக்கு. இருங்கய்யா” என்றாள்.

கோமதிநாயகம் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“அம்மா, நான் வந்து…”

“அவன் விட்டுத்தான வந்துச்சு. நான் என்ன சொல்ல?”

குடத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இதையும் கொண்டு போங்க. பாதிய விட்டுட்டு வந்துட்டிய.”

“இது எதுக்கு?”

“தாகம் பொறுக்காம எந்திரிச்சிட்டான். இனி நீங்க போற எடத்துக்குத்தான வருவான்.”

வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கோமதிநாயகம் குடத்தைத் தொடாமல் நின்றார். புதரில் தண்ணீர் கவிழ்த்ததை அவள் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

“தண்ணி நான் வீட்டுல ஊத்திக்கிடுதேம்மா” என்றார். குரல் இறங்கிவிட்டது.

பேச்சியம்மை ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

“மொத நாளு ஒண்ணு கேட்டிய. பதில வாங்காமலே எந்திரிச்சுப் போனிய.”

என்ன கேட்டோம் என்று யோசிக்க வேண்டியிருந்தது அவருக்கு. யோசிக்க வேண்டியிருந்ததே என்பது நெஞ்சில் தைத்தது.

“ஆவுடை” என்றார். “தாகம்.”

“உங்க சொவத்துல தொங்குதே, அந்தக் கம்பெனி. அதுக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துதா?”

“யாரும் ஊத்தலம்மா. தண்ணி பட்டா அது…”

“அப்பம் அதுல குத்துப்பட்டவனுகளுக்கெல்லாம் சேத்து யாரு குடிக்கா?”

துண்டு அவர் கையிலிருந்து நழுவியது. உள்ளேயிருந்த இரும்பு தார்ரோட்டில் விழுந்து கணீரென்றது.

தடவித் தடவிச் செல்போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

“ஆவுடை! அங்கனயிருந்து எந்திரி. அலமாரி கிட்ட இருக்காத. ஆவுடை, கேக்குதா?”

போனில் கேட்டது அதே சத்தம்தான்.

மடக். மடக்.

நடுவில் ஒரு மூச்சு.

பிறகு மறுபடி, மடக்.

ஒரே ஒருத்தி குடிக்கிற சத்தமாக அது இல்லை; எத்தனையோ வாய்கள் சேர்ந்து குடித்தன.